சிவப்பில் நின்ற நிலையம்

தினமும் காலை பத்து மணிக்குத் தலைமையகத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். நாடு முழுவதும் உள்ள நில அதிர்வு நிலையங்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். நேற்று எந்த நிலையத்தில் தரை எவ்வளவு இரைச்சலாக இருந்தது என்பதை மூன்று நிறங்களில் சொல்லும் பட்டியல் அது. பச்சை என்றால் அமைதி. மஞ்சள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சிவப்பு என்றால் அந்த நிலையத்தின் காதில் உருப்படியாக எதுவும் விழாது.

சேதுலட்சுமியின் நிலையம் பங்குனி கடைசியில் சிவப்புக்குப் போனது. இப்போது ஆனியும் முடியப்போகிறது. இன்னும் சிவப்புதான்.

தரை ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. கடல் கரையில் வந்து மோதுவதும், காற்று மரத்தை ஆட்டுவதும், ரயில் போவதும், மாவு மில் ஓடுவதும் மண்ணுக்குள் நடுக்கமாக இறங்கிக்கொண்டே இருக்கும். மனிதக் காலுக்கு அது தெரியாது. சிமெண்டுக் குழிக்குள் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் கருவிக்குத் தெரியும். இந்த அன்றாட இரைச்சல் குறைவாக இருந்தால்தான் எங்கோ தூரத்தில் பூமி லேசாகப் புரண்டு படுப்பது அதற்குக் கேட்கும். அதனால்தான் திருப்புல்லாணியைத் தாண்டி, ஊரும் ரயிலும் இல்லாத இடமாகப் பார்த்து, நாலு ஏக்கரைக் கம்பி வேலியால் வளைத்து அந்த நிலையத்தைக் கட்டியிருந்தார்கள். ஓர் அறை, கூரையில் சூரியத் தகடுகள், வடக்கு ஓரத்தில் பாறையில் இறக்கிய குழி, குழிக்கு இரும்பு மூடி. மற்றதெல்லாம் மணலும் கருவேல முள்ளும்.

சேதுலட்சுமி அங்கே ஒப்பந்தத் தொழில்நுட்பப் பணியாளர். ஆறு வருடமாக வாரம் இரண்டு நாள் இராமநாதபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறாள். ஒவ்வொரு முறையும் அந்த இரும்பு மூடியைத் தூக்கும் முன் கண்ணை மூடிப் பெருமாளை நினைத்துக்கொள்வாள். சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு சேவைதான் என்பது அவள் நம்பிக்கை.

அந்தத் திங்கட்கிழமை பட்டியல் வந்த ஐந்தாவது நிமிடம் தலைமையகத்திலிருந்து ராம்குமார் பேசினார். தென்பகுதி நிலையங்களுக்கெல்லாம் பொறுப்பு அவர்.

“சேதுலட்சுமி, மறுபடியும் சிவப்பு.”

“பார்த்தேன் சார்.”

“போன வாரம் ரெண்டு நாள் பச்சை. அந்த ரெண்டு நாளும் நீங்க காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அங்கயே இருந்திருக்கீங்க. நீங்க இருந்தா தரை அமைதியா இருக்கு. நீங்க கிளம்பினா ஆட்டம் போடுது. தரைக்கு உங்க மேல அவ்வளவு மரியாதையா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “எனக்கும் புரியலை சார். கண்டுபிடிக்கத்தான் ரெண்டு நாள் முழுசா உக்காந்திருந்தேன்.”

“இங்க ஒருத்தர் கேக்குறார், அந்தம்மா இருக்கிறப்ப கருவியில ஏதாவது கை வைக்கிறாங்களான்னு. நான் கேக்கலை. அவர் கேக்குறார்.”

“சார்!”

“அடுத்த வியாழக்கிழமை நானே நேர்ல வர்றேன். காலையில ஆறு மணிக்கு அங்க இருப்பேன். அன்னிக்கும் இப்படித்தான்னா கருவியை எடுத்து வேற இடத்துக்கு அனுப்பிருவோம். இத்தனை நிலையத்துக்கு நடுவுல கேக்காத காதை வச்சுக்கிட்டு என்ன செய்றது?”

கருவி போனால் அவள் வேலையும் அதோடு போகும். ஆனால் அன்று முழுவதும் அவள் நெஞ்சில் உறுத்தியது அது இல்லை. ‘கை வைக்கிறாங்களா’ என்ற அந்த ஒரு சொல்தான்.

மூன்று மாதத்தில் அவள் செய்து பார்க்காதது ஒன்றும் இல்லை. கருவியின் கம்பிகளை மாற்றினாள். குழியில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். சூரியத் தகடு காற்றில் அதிர்கிறதோ என்று அதன் காலுக்கெல்லாம் கல்லை அண்டைகொடுத்தாள். வேலியோரம் நின்ற ஒரு பனைமரத்தின் மேல் கூடச் சந்தேகப்பட்டாள். பதிவு மட்டும் மாறாமல் ஒன்றையே சொல்லியது. விடிகாலை நாலரைக்கு இரைச்சல் தொடங்கும். விட்டுவிட்டு, சாயங்காலம் ஆறரை வரை வரும். அவள் போய் மூடியைத் தூக்கினால் மட்டும் குழிக்குள் கோயில் கருவறை மாதிரி ஓர் அமைதி.

இடையில் ஒரு பாவத்தையும் செய்திருந்தாள்.

நிலையத்துக்கு அரைக் கிலோமீட்டர் தெற்கே சஃபீரின் இறால் குளங்கள் இருந்தன. துபாயில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்து ஊரோடு தங்கியவன். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சக்கரங்கள் அவன் குளங்களில் இரவும் பகலும் ஓடும். வைகாசி மாதம் ஒருநாள் அவள் நேராகக் கரைக்குப் போய், வேலையாட்கள் முன்னாலேயே, “உங்க மோட்டாராலதான் என் நிலையம் நாசமாப் போகுது” என்று கத்திவிட்டாள்.

சஃபீர் கோபப்படவில்லை. “அக்கா, நிழல்ல வந்து நில்லுங்க. என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

“நாளைக்கு எட்டு மணியிலேர்ந்து ஒன்பது மணி வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்துங்க. நான் அங்க இருந்து பாக்குறேன்.”

“இறாலுக்கு மூச்சு முட்டும்க்கா.” குளத்தைப் பார்த்தான். “சரி. ஒரு மணி நேரந்தானே. அல்லாஹ் பாத்துக்குவான்.”

மறுநாள் அவள் போய்ப் பார்த்தபோது ஏழரை வரை இரைச்சல், எட்டு மணிக்கு அமைதி. ஒன்பது மணி வரை கூடக் காத்திருக்காமல், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினாள். சஃபீர் மூன்று நாள் ஆள் வைத்து, பக்கத்துக் குளத்து இறாலைப் பருவம் வரும் முன்பே பிடித்து, சக்கரங்களையெல்லாம் கழற்றித் தூரக் குளத்துக்குக் கொண்டுபோனான். நாலாம் நாள் பட்டியல் வந்தது. சிவப்பு. முன்பைவிட ஒரு துளி கூட மாறாத அதே சிவப்பு.

அதிலிருந்து அந்தப் பக்கம் போகவே அவளுக்கு முகம் இல்லை. தான் ஒருவனை அநியாயமாக வதைத்துவிட்டோம் என்பது தெரிந்தும் போய்ச் சொல்லாமல் நாளைக் கடத்துவது, வதைத்ததை விடப் பெரிய குற்றமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ராம்குமார் பேசியதற்கு நாலாம் நாள், வெள்ளிக்கிழமை. விடிகாலையில் ஸ்கூட்டரை எடுத்தால் முன்சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது. வீட்டில் உட்கார மனமில்லாமல் பேருந்து நிலையத்துக்கு நடந்து முதல் பேருந்தைப் பிடித்தாள். வழக்கமாகக் கிளம்பும்போது காவலாளி கூத்தையாவுக்குப் போன் செய்து, “அண்ணே, கிளம்பிட்டேன், கேட்டைத் திறந்து வைங்க” என்று சொல்வாள். வயதில் பெரியவர், தான் வந்து ஆரன் அடித்து அவரை ஓடிவர வைக்கக்கூடாது என்று முதல் வாரமே அவளாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். அன்று ஆரனும் இல்லை, கேட்டும் பெரிதாகத் திறக்க வேண்டியதில்லை என்பதால் போன் செய்யவில்லை.

இறங்கிப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. வேலியை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. இரும்பு கல்லில் உரசி உருளும் சத்தம். நடுநடுவே பெண்களின் சிரிப்பு.

உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேற்கு வேலியில் இரண்டு கம்பிக்கால்களுக்கு நடுவே கம்பி அவிழ்த்துச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கிழக்கு வேலியிலும் அப்படியே ஒரு திறப்பு. இந்தத் திறப்பிலிருந்து அந்தத் திறப்புக்கு, அவளுடைய இரும்பு மூடிக்கு எட்டடி தள்ளி, மொட்டைப் பாறையின் மேல், தண்ணீர் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நாலு சின்ன இரும்புச் சக்கரம், மேலே இரண்டு வரிசையாகக் குடம் உட்காரும் சட்டம். வண்டிக்கு எட்டுக் குடம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு சக்கரமும் பாறையின் மேட்டிலும் பள்ளத்திலும் தடதடவென்று குதித்தது.

கூத்தையா ஒரு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். அவளைப் பார்த்ததும் கையை எடுத்தார். வண்டி பின்னோக்கி உருண்டது. “ஏலே, என்னலே விட்டுட்ட!” என்று வண்டிக்கு முன்னால் இழுத்துக்கொண்டிருந்த பஞ்சம்மாள் திரும்பினாள். பஞ்சம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும், கூத்தையாவுக்கு அக்காள் முறை. அவளும் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

“அண்ணே, இது என்ன?” சேதுலட்சுமி சுருட்டிய கம்பியைக் காட்டினாள். “எத்தனை நாளா இது?”

கூத்தையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “பங்குனியிலேர்ந்து தாயி.”

“பங்குனியிலேர்ந்தா! மூணு மாசமா நான் இங்கன கிடந்து பைத்தியக்காரி மாதிரி அலையுறேன். பனைமரத்தைக் கூடச் சந்தேகப்பட்டேன். பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீக?”

“அவனை வையாதீக,” என்று பஞ்சம்மாள் முன்னால் வந்தாள். இடது கையைச் சேலைக்கு வெளியே நீட்டினாள். முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. “ரோட்டு மேல போனோம் தாயி, இத்தனை வருசமா. ரோட்டை அகலமாக்குனாக. லாரி பறக்குது. பங்குனியில ஒருத்தன் வண்டியோட சேத்துத் தட்டிவிட்டுட்டுப் போயிட்டான். எட்டுக் குடமும் அப்பளமாப் போச்சு. கை மட்டுந்தான் போச்சு, உசுரு இருக்கு. நம்ம ஊருல கிணத்துத் தண்ணி வாயில வைக்க விளங்காது, உவரு. நல்ல தண்ணிக் குழாய் அந்தா கிழக்க. அது சொட்டுச் சொட்டா விழும், ஆள் மாத்தி ஆள் நாள் முழுக்கப் பிடிக்கணும். கூத்தையாதான் இரக்கப்பட்டுக் கம்பிய அவுத்துவிட்டான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உனக்குத்தான் பாவம்,” என்றார் கூத்தையா. “நீ சரின்னு சொன்னா உன் ஆபீசர் உன்னை வைவாரு. வேணாம்னு சொன்னா இவளுக ரோட்டுக்குப் போகணும். எதுக்கு உன் தலையில போடுறதுன்னுதான். ஆனா ஒண்ணு தாயி, நீ இருக்கும்போது ஒரு வண்டி உருண்டிருக்குமா? நீ போன் போட்டதும் நான் கம்பிய இழுத்துக் கட்டிட்டு, துண்டை வேலியில கட்டிருவேன். அதைப் பாத்தா ஒருத்தியும் உள்ள வரமாட்டா.”

“ஒரு நாளும் நாங்க சத்தம் குடுத்ததில்ல,” என்றாள் பஞ்சம்மாள், கொஞ்சம் பெருமையாகவே. “போன வாரம் நீ ரெண்டு நாள் பொழுதடையிற வரைக்கும் கிளம்பவே இல்ல. அந்த ரெண்டு நாளும் நாங்க தண்ணிக்கே போகல. பிள்ளைகளுக்கு உவர்த் தண்ணியக் காய்ச்சிக் குடுத்தோம். இந்தப் பிள்ளைக்கு நம்மளால ஒரு கெட்ட பேரு வந்துறக் கூடாதுல்ல?”

சேதுலட்சுமிக்குக் கோபம் நாக்கு வரை வந்து அங்கேயே காய்ந்துபோனது. “நான் இல்லாதப்பவும் அது கேட்டுக்கிட்டுத்தானே இருக்கும்?” என்றாள்.

“எது?”

“மிஷின்.”

கூத்தையா இரும்பு மூடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “பூட்டித்தானே கிடக்கு? நீ வந்து தொறந்து, கம்ப்யூட்டரை மாட்டி, பாப்ப. பூட்டி வச்ச பெட்டி என்னத்தக் கேக்கும்?”

“ஆபீசர் வாரப்பத்தானே எதுவும் சரியா இருக்கணும்?” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. “எங்க ஊருக் கடையில தராசு கூட ஆபீசர் வார அன்னிக்குத்தான் நேரா நிக்கும். இதும் அப்படித்தான்னு நெனச்சோம்.”

ஆறு வருடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வந்தபோது சேதுலட்சுமி இந்தக் குழியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள். கூத்தையா அப்போது பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நின்றிருப்பார். பக்கத்திலேயே இருக்கும் மனிதரிடம், ‘அண்ணே, நீங்க காவல் காக்குறது இதைத்தான்’ என்று ஒரு நாள் உட்கார்ந்து சொன்னதில்லை. அவர் சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கிறாள். தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இதை மட்டும் சொல்லவில்லை. அவள் அவருக்குக் காட்டிய மரியாதையும், அவர்கள் அவளுக்குக் காட்டிய மரியாதையும், ஒருவரோடொருவர் பேசாத குறையால் இப்படிக் கோணிப்போய்க் கிடந்தன.

அவள் கணினியைத் திறந்து எல்லாரையும் கூப்பிட்டாள். காலை நாலரையிலிருந்து வந்த பதிவைத் திரையில் காட்டினாள். கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி கோட்டில் தடித்த தடங்கள்.

“இது நீங்க. இது ஒவ்வொண்ணும் ஒரு வண்டி. பூட்டியிருந்தாலும், நான் வீட்டுல தூங்கினாலும், இது எழுதிக்கிட்டே இருக்கும். எழுதினது உடனே தலைமையகத்துக்குப் போயிரும்.”

பஞ்சம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “அந்தா ஒண்ணு மட்டும் தடியா இருக்கே, அது யாரு?”

“அஞ்சு மணி அஞ்சு நிமிசத்துக்கு வந்த வண்டி.”

“நம்ம காளியம்மா!” என்று ஒருத்தி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். “பத்துக் குடம் அடுக்கிக்கிட்டு வருவா. கணக்கு வச்சுருக்கு பாரு மிஷின்.”

சிரிப்பு அடங்கியதும் கூத்தையா கேட்டார். “அப்ப இத்தனை நாளும் நாங்கதான் உன் நிலையத்தைக் கெடுத்தமா தாயி?”

அவள் கணினியை மூடிவிட்டு இரும்பு மூடியைப் பூட்டினாள்.

பத்து மணிக்கு ராம்குமாரிடம் சொன்னாள். அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. “அவ்வளவுதானா! வேலியை இன்னிக்கே அடைச்சிருங்க. முடிஞ்சது விஷயம்.”

“அவங்க ரோட்டு மேல போகணும் சார். அங்க லாரி...”

“சேதுலட்சுமி, நாம நடத்துறது நில அதிர்வு நிலையம். வேலி இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்குல்ல?”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. யார் சொன்னதிலும் தப்பில்லை. பஞ்சம்மாள் சரி, கூத்தையா சரி, ராம்குமார் சரி, பாறை மேல் குதிக்கும் சக்கரத்தை உள்ளபடியே எழுதிய கருவியும் சரி.

சனிக்கிழமை கம்பியைக் கட்டிவிட்டு, பெண்களோடு அவளும் ரோட்டில் நடந்தாள். காளியம்மாளின் வண்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். குழாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் ஏழு லாரிகள் தாண்டின. ஏழாவது லாரியின் காற்று அவள் சேலையை இழுத்து முகத்தில் அடித்தது. அவள் நிலையத்துக்குத் திரும்பி வந்து தன் கையாலேயே கம்பியை அவிழ்த்தாள். விரலில் முள் கிழித்து ரத்தம் வந்தது. கோபத்தில் அழுகை வந்தது.

பஞ்சம்மாள் அன்று சாயங்காலம் ஒரு யோசனை சொன்னாள். “வியாழக்கிழமைதானே உன் ஆபீசர் வாராரு? அதுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே நாங்க வரவை நிறுத்திக்கிறோம். வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் பாத்துக்குவோம்.”

“மூணு நாள் தண்ணிக்கு?”

“ரோட்டு வழியாப் போறோம். இல்லாட்டி உவர்த் தண்ணியக் குடிக்கிறோம். உனக்காகத்தானே.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுச் சேதுலட்சுமி கிளம்பினாள். நிலையம் பிழைக்கும், வேலை பிழைக்கும். யாருக்கும் தெரியவும் போவதில்லை. அன்று இரவு பூஜை விளக்கின் முன் உட்கார்ந்தபோது மனம் அந்த யோசனையையே சுற்றிச் சுற்றி வந்தது. கை வைக்கிறாயா என்று கேட்டபோது துடித்துப்போனவள், இப்போது மெய்யாகவே கை வைக்கலாமா என்று கணக்குப் போடுகிறாள். விளக்கைப் பார்க்கவே கூசியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக சஃபீரின் குளத்துக்குப் போனாள்.

“தம்பி, இரைச்சல் உங்க சக்கரம் இல்லை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அத்தனை ஆள் முன்னாடி கத்தினதும் தப்பு. வந்து சொல்லாம இருந்தது அதைவிடத் தப்பு.”

சஃபீர் தலையைச் சொறிந்தான். “கழட்டிட்டுப் போன மறுநாளே எனக்குத் தெரியும்க்கா. உங்க முகத்தை ரோட்டுல பாத்தேன்.” சிரித்தான். “எதுதான் இரைச்சல்?”

சொன்னாள். அவன் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தான். “பாறையில போனாத்தானே தடதடக்குது? தெற்கு ஓரமா மணல்ல போனா?”

அதை அவளும் நினைத்துப் பார்த்திருந்தாள். தெற்கு ஓரம் குழியிலிருந்து முந்நூறு அடி. மணல் நடுக்கத்தை விழுங்கிவிடும். ஆனால் அங்கே ஆள் நுழைய முடியாத கருவேலங்காடு. அதை வெட்ட அவளிடம் ஆளும் இல்லை, அனுமதி வாங்க நாளும் இல்லை.

“வேலியோரம் முள்ளு வெட்டுறதுக்கு எதுக்குக்கா அனுமதி?” என்றான் சஃபீர். “காவக்காரர் வேலையே அதுதானே. அவருக்குக் கூட நாலு பேரு ஒத்தாசைக்கு வந்தா வேணாம்னு சொல்லுவாரா?”

திங்களும் செவ்வாயும் வெட்டினார்கள். சஃபீரின் ஆட்கள் ஐந்து பேர், கூத்தையா, தண்ணீர் எடுக்கும் முறை இல்லாத நேரத்தில் வந்த பெண்கள். சஃபீரே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேரைத் தோண்டினான். “துபாய்க்காரருக்குக் கையில கொப்புளம் வந்துருச்சு பாருங்கடி,” என்று பஞ்சம்மாள் கேலி செய்தாள். செவ்வாய் மாலை பத்தடி அகலத்தில் வெள்ளை மணல் பாதை ஒன்று வேலியோடு ஒட்டிக் கிடந்தது.

புதன்கிழமை வண்டிகள் அதில் இறங்கின. இறங்கிய இடத்திலேயே சக்கரம் புதைந்தது. பாறையில் ஒருத்தி தள்ளிய வண்டியை மணலில் மூன்று பேர் தள்ள வேண்டியிருந்தது. சேதுலட்சுமி திரையைப் பார்ப்பதா, அவர்களைப் பார்ப்பதா என்று தவித்தாள். தடம் மெலிந்திருந்தது, நிச்சயமாக மெலிந்திருந்தது. ஆனால் அந்த மெலிவு முழுவதும் இந்தப் பெண்களின் தோளிலிருந்து வந்தது.

“நாளைக்கு ஆபீசர் வாராரு,” என்று கிளம்பும்போது சொன்னாள். “யாரும் நிறுத்தாதீக. துண்டெல்லாம் கட்டாதீக. எப்பவும் வர்ற மாதிரி வாங்க.”

“அவரு வந்து பாக்குறப்பவா?” பஞ்சம்மாளுக்கு நம்ப முடியவில்லை. “உனக்குக் கிறுக்கா தாயி?”

“கிறுக்குதான். வாங்க.”

வியாழக்கிழமை ஆறு மணிக்குச் சொன்னபடி ராம்குமார் வந்தார். குள்ளமான, தூக்கம் கெட்ட முகம். கையில் தனக்கென்று ஒரு சின்னக் கருவி. அதைப் பாறையில் வைத்தார், அவளுடைய பதிவோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றையே காட்டின. அவள் கருவியில் கை வைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

தெற்கு ஓரத்தில் வண்டிகள் போயின. அடைக்கச் சொன்ன வேலிக்குள் அவை போவதை அவர் எழுந்து நின்று பார்த்தார்.

“நான் இன்னிக்கு வர்றது இவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“ஒரு நாள் வராதீங்கன்னு சொல்லியிருக்கலாமே.”

“அவங்களே சொன்னாங்க சார், நிறுத்திக்கிறோம்னு. நான்தான் எப்பவும் போல வரச் சொன்னேன். நீங்க போனதுக்கப்புறம் இருக்கிற இரைச்சல்தானே சார் நிஜமான இரைச்சல்?”

ராம்குமார் கணினியில் நேற்றைய நாளின் கணக்கை ஓட்டினார். கோடு சிவப்பிலிருந்து இறங்கியிருந்தது. பச்சைக்கு வரவில்லை. நடுவில், மஞ்சளில், கொஞ்சம் மேலாகவே நின்றது.

“பச்சை இல்லை,” என்றார்.

“இல்லை சார்.”

“மஞ்சளை வச்சு நான் மேல பேசுறது கஷ்டம்.” தூரத்தில் பெண்கள் ஒரு வண்டியை மூச்சுப் பிடித்துத் தள்ளுவது கேட்டது. “ஆறு மாசம். அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் இறங்கணும். இறங்கலேன்னா எடுக்கத்தான் செய்வாங்க, என்னால தடுக்க முடியாது. அந்தப் பாதையைப் பத்தி உங்க அறிக்கையில உள்ளதை உள்ளபடி எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”

ஆறு மாதம். ஜெயித்த மாதிரியும் இல்லை, தோற்ற மாதிரியும் இல்லை. கார் கிளம்பிப் போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தெற்கு ஓரத்துக்கு நடந்தாள். பஞ்சம்மாளின் வண்டி அச்சு வரை மணலில் உட்கார்ந்திருந்தது. வளைந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஞ்சம்மாள் மூச்சு வாங்கினாள். சேதுலட்சுமி பின்னால் போய்ச் சட்டத்தைப் பிடித்தாள்.

“என்ன சொன்னாரு உன் ஆபீசர்?”

“ஆறு மாசம் பாப்போம்னாரு. இன்னும் இறங்கணுமாம்.”

“இதுக்கு மேல மெதுவா எப்படித் தாயி தள்ளுறது? சாமியத் தூக்குற மாதிரில்ல தள்ளுறோம்.”

“தெரியலைக்கா. உங்க தோள் இப்படிப் போனா ஆறு மாசம் நீங்க இருக்கணுமே, அதையும் பாக்கணும்.”

பஞ்சம்மாள் வேலிக்கு வெளியே பார்த்தாள். பனைகளுக்கு அடியில் காய்ந்த ஓலை குவிந்து கிடந்தது. “அதை வெட்டி மணல்ல பரப்பினா சக்கரம் பொதையாது.”

“மண்ணுக்குள்ள நடுக்கம் கூடுமா குறையுமான்னு தெரியாதே.”

“உன் மிஷின்தான் எழுதுமே. கேளு.”

சேதுலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். “முதல்ல இருபதடிக்குப் போடுவோம். அது மேல நீங்க பத்துத் தடவை வண்டிய விடுங்க. நான் பாக்குறேன். கூடுச்சுன்னா எடுத்துருவோம்.”

“எடுத்தா?”

“எடுத்தா வேற ஏதாவது போட்டுப் பாப்போம்.”

“ஏலே கூத்தையா,” என்று பஞ்சம்மாள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், “அருவாளை எடுத்துக்கிட்டு வாலே. இந்தப் பிள்ளை வேலை வச்சுருக்கு.”